ஜெலிச் சாரமும் காளியாயியின் விரலும்

நோர்வூட்,
12.03.2008

அன்பு மகள் கிருஷாந்திக்கு அப்பா வீரய்யா எழுதுவது. இங்கே மழையும் குளிரும் வழக்கம்போல. நானும் உன் அம்மா அழகம்மாவும் அதற்குப் பழகிய அளவில் சுகம். கிளாஸ்கோவில் நீயும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. ஆய்வுகூடத்தில் 'ஜெலியில் சாரம் அச்சடிக்கிறேன்' என்று எழுதியிருந்தாய். இவ்வளவு படித்த பிள்ளை சாரம் அச்சடிக்க எதற்கு அத்தனை தூரம் போக வேண்டும், அதுவும் ஜெலியில் அடித்த சாரத்தை ஆம்பளைகள் எப்படி இடுப்பில் கட்டுவார்கள் என்று நாங்கள் இரண்டு நாள் யோசித்தோம். தோய்த்தால் கரைந்து போகாதா என்று அம்மா கேட்டாள். பதில் தெரியாமல் பாடசாலைக்குப் போய்த் துரைராசா மாஸ்டரிடம் கடிதத்தைக் காட்டினேன். யாழ்ப்பாணத்து மனிதர், சிரிக்காமலே விளக்கினார்.

"உது உடுக்கிற சாரம் இல்லை, வீரய்யா. கட்டிடம் கட்டேக்கை மூங்கிலாலை கட்டுவினமே, அந்தச் சாரம். அதிலை உயிருள்ள கலங்களை, செல் எண்டு சொல்லுறதை, விட்டால், பிடிச்சு வளர்ந்து தசையா வருமாம்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. விளங்கியதுபோலத் தலையாட்டிவிட்டு வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். பீலியில் தண்ணி பிடிக்க நின்ற பழனியாண்டியிடம், என் மகள் மெஷினில் சதை அடிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், மறுநாள் காலையில் அவன் முழங்காலைத் தூக்கிக் காட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறான், பின்னாலயே ஆண்டியப்பன் பெரியவர் வந்து தனக்குப் புதுசா ஒரு சோடி காது வேணும்ங்கிறார், வெளிக்காத மட்டும் மாத்தினா கேக்குமா, உள்ளேயும் மாத்தணுமா, எனக்கென்ன தெரியும், அம்மா தேத்தண்ணி ஊத்தி ஊத்தி வீட்டில சீனியே முடிஞ்சு போச்சு.

காளியாயி மட்டும் வரவில்லை. அதுதான் என்னைக் குடைந்தது. உனக்கு இதுவரை சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தேயிலை பெக்டரியில் அவளுடைய வலது சுட்டுவிரல் ரோலரில் போனபோது சுவிட்சைப் போட்டவன் நான். கை உள்ளே இருந்ததை நான் பார்க்கவில்லை. அவள் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதனால் அம்மாவை அனுப்பி, கைக்கு உறை பின்ன அளவு வேண்டும் என்று பொய் சொல்ல வைத்து, அவள் கையைக் கொப்பித்தாளில் வரைந்து எடுத்தோம். இத்துடன் இருக்கிறது. இது இடது கை, திருப்பிப் போட மறந்துவிடாதே. நகத்தையும் சேர்த்தே அடிப்பீங்களா, தனியா அடிப்பீங்களா தெரியாது. அவள் நல்ல கறுப்பு, அங்கே அந்த நிறத்தில் மை இருக்குமா என்று அம்மாவுக்குக் கவலை. முழங்காலும் காதும் கிடக்கட்டும். இந்த ஒரு விரலை மட்டும் எப்படியாவது அடித்து அனுப்பு, மகளே.

நேரத்துக்குச் சாப்பிடு, பனியில் தலையை மூடிக்கொண்டு போ. எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
அப்பா வீரய்யா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் காளியாயி வந்துவிட்டாள். அம்மாவுக்குப் பொய் நிலைக்காது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். காளியாயி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வெரல் வேணாம்ண்ணே. ஒம்பது வெரலுன்னுதான் கணக்கப்புள்ள பதினாறு கிலோ கொழுந்தோட என்னைய விடுறாரு. பத்தாச்சுன்னா பதினெட்டு கேப்பாரு. அன்னைக்கு சுவிட்சப் போடுங்கன்னு கத்தினதே நான்தானே" என்றாள். எனக்கு அப்படி எந்தச் சத்தமும் கேட்ட ஞாபகம் இல்லை. உண்மையா, எனக்காகச் சொன்னாளா, விளங்கவில்லை. நான் மறுத்துப் பேசவில்லை. நீ விரலை அடிக்காதே.