இராணியாரைச் சுகம் விசாரித்த வரலாறு

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இரண்டு கண்ணிலும் புரை எடுத்து, புதுக் கண்ணாடியும் போட்ட பிறகு நேரில் கண்டது. மொன்றியலின் முடிவில்லா வீதித் திருத்த வேலைகள் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்: தேனீ தோன்றிய நாள்முதல் இன்றுவரை, லாசால் முதியோர் மலர்ச்சி மன்றத்துத் தேனீக்களுக்குக் கிடைத்த பராமரிப்பு வேறெந்தத் தேனீக்கும் கிடைத்ததில்லை.

மன்றத்தின் பின்வளவில் இரண்டு தேன்பெட்டிகளை வைத்தவள், தேனீ வளர்க்கப் பழகிய இளம்பெண் நிருஷா. கால்வாய்க் கரை மரமொன்றில் தொங்கிய தேனீக் கூட்டத்தைத் தானே பிடித்துவந்து, இரண்டு கோடை வளர்த்து, இரண்டாகப் பிரித்திருந்தாள். குளிரைத் தாண்டினால் நான்காக்கலாம் என்பது அவள் கனவு. தாண்டாவிட்டால் வெறும் பலகைதான்.

கார்த்திகையில் எங்களுக்கு வகுப்பெடுத்தாள்.

"தேனீயில ஒட்டுற உண்ணிக்கு மருந்து போட்டாச்சு. சாப்பாட்டுக்குத் தேனும் விட்டிருக்கு. இனி எல்லாம் ராணியைச் சுத்தி ஒரு பந்து மாதிரி ஒட்டி இருந்து, நடுங்கி நடுங்கிச் சூடு உண்டாக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒண்டுதான்."

"சொல்லு பிள்ளை," என்றார் தலைவர் சண்முகலிங்கம், பேனையைத் திறந்து.

"ஒண்டும் செய்யாதேங்கோ அங்கிள். மூடியைத் திறந்தால் சூடு போயிடும். சித்திரை வரும்வரைக்கும் தொடாதேங்கோ."

தலைவர் பேனையை மூடினார். 'ஒன்றும் செய்யாமை' என்ற பொறுப்பு ஏகமனதாக ஏற்கப்பட்டு, அதைச் செவ்வனே நிறைவேற்ற ஓர் உபகுழுவும் அமைக்கப்பட்டது. நான் ஆலோசகர்.

அடுத்த வாரமே ஒரு பெட்டியைக் காணவில்லை. களவா, சாவா என்று நீண்ட நேரம் விவாதித்தோம். கடுங்குளிர் இன்னும் தொடங்காததைப் பெருந்தன்மையுடன் மறந்து, 'குளிர்கால இழப்பு' என்று தீர்மானித்தோம். நிருஷா தேடிப் பார்க்காமலே, மிஞ்சிய பெட்டியைத் தொட வேண்டாம் என்று திரும்பவும் சொல்லிவிட்டுப் போனாள். துக்கத்தில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டோம்.

தை பிறந்தது. வெளியே மைனஸ் இருபத்தைந்து.

"இவ்வளவு நாளாச்சு. ஒருக்கால் போய்ப் பாக்காட்டி நல்லாயிராது," என்றார் செயலாளர் புஷ்பவதி.

ஒருவர் வீட்டோடு அடைந்து கிடக்கிறார் என்றால், சுகம் விசாரிக்காமல் விடுகிற ஆட்கள் நாங்கள் அல்ல. தோடம்பழமும் ஒரு நெஸ்ரமோல்ட் சத்துமா ரின்னும் எடுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கினோம்.

"வெளியில நிண்டு பாத்திட்டு வருவம்," என்றேன், ஆலோசகர் என்ற முறையில்.

"முகத்தைப் பாக்காமல் வந்தால் அது என்ன சுகம் விசாரிப்பு? பேந்து கதை வரும்," என்றார் புஷ்பவதி.

"ஆர் கதைக்கிறது? தேனீயோ?"

"ஆத்துக்கு அங்கால இருக்கிற லொங்குய்ய்ச் சங்கம்."

ஆலோசனையைத் திரும்பப் பெற்றேன். மூடியைத் திறந்தோம்.

"ஐயோ, நடுங்குதுகள் பாவங்கள்," என்று தலைவர் கண் கலங்கினார். நடுங்குகிறவர்களைக் கண்டும் உடனே மூடிவிட்டுப் போவது பண்பாகாது. நின்று ஆறுதலாகக் கதைத்தோம். இராணியார் நடுவில் இருந்தபடியால், புஷ்பவதி அகப்பைக் காம்பால் மற்றவர்களை மெல்ல ஒதுக்கினார். தலைவர் பெட்டிக்குப் பொன்னாடை போர்த்தினார். படம் எடுத்தோம்.

படம் வட்ஸ்அப்பில் போனதும், வராதவர்களுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. லொங்குய்யிலிருந்து மெற்றோ ஏறி, பஸ் மாறி வந்தார்கள். எவரும் மூடிக்கு வெளியே நின்று விசாரித்து எங்களை அவமதிக்கவில்லை.

"முந்தி மாதிரிச் சத்தமில்லை," என்றேன் ஒரு நாள்.

"ஓம். இப்பதான் நிம்மதியா நித்திரை கொள்ளுதுகள்," என்றார் தலைவர். அன்று முதல் குரலைத் தாழ்த்தியே விசாரித்தோம்.

மாசியில் நிருஷா வந்தாள். ஒரு தேனீயை எடுத்து உள்ளங்கையில் வைத்து, நீண்ட நேரம் மூச்சால் ஊதிப் பார்த்தாள். அது அசையவில்லை. பெட்டிக்குள்ளும் ஒன்றும் அசையவில்லை.

"ஆர் திறந்தது?"

"ஒருத்தரும் தனியத் திறக்கேல்லைப் பிள்ளை," என்றார் புஷ்பவதி. "எப்பவும் குழுவாத்தான்."

விசாரணைக் குழு அமைத்தோம். குளிர், உண்ணி, கைபேசிக் கோபுரம், முந்திய நிர்வாகம் ஆகிய நான்கும் குற்றவாளிகளாகக் காணப்பட்டன, கடைசியது ஏகமனதாக. விருந்தினரை எதிர்கொள்ளும் பயிற்சி தேனீக்களுக்குப் போதாது என்றும் குறிப்பிட்டோம். பராமரிப்பில் குறை காணப்படவில்லை. செத்தவீட்டு முறைப்படி முப்பத்தோராம் நாள் வடை பாயசத்துடன் சாப்பாடு கொடுத்தோம். நிருஷா வந்தாள், சாப்பிடவில்லை. வரும் குளிருக்குச் சுகம் விசாரிப்பை இரட்டிப்பாக்கும் தீர்மானத்தை வாசித்தபோது மட்டும் எழுந்து போனாள்.

கார்த்திகையில் காணாமற்போன மற்றப் பெட்டியின் தேனீக்கள், நகரின் இன்னொரு மூலையான ரொக்ஸ்பரோவில், எங்களில் ஒருவருக்கும் நிருஷா விலாசம் தராத ஒரு வளவில், ஒருவரும் சுகம் விசாரிக்காமலே குளிரைக் கடந்து, இப்போது பூவுக்குப் பூ பறந்துகொண்டிருக்கின்றன.