துவக்கு இல்லாதவரின் துவக்குச் சட்டம்

ரொறன்ரோவில் தமிழர் கூடும் இடமெல்லாம் ஒரு வகை மனிதர் இருக்கிறார். கார் ஓட்டும்போது பொலிஸ் மறித்தால் என்ன செய்யவேண்டும் என்பதை, பொலிஸ் மறிக்காத நேரமெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பவர். உங்களை எத்தனை தரம் மறித்திருக்கிறார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். இவருக்கு நான் 'மறிச்சால் அண்ணை' என்று மனதுக்குள் பெயர் வைத்திருக்கிறேன். மனதுக்குள்தான். வெளியே சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம் தருவார்.

இவரைத் தேடிப் போகத் தேவையில்லை. பிறந்தநாள் மண்டபத்தில் ரோல்ஸ் தட்டு வந்து இறங்கும் மேசைக்குப் பக்கத்தில் நிற்பார். செத்தவீட்டில் மலர்வளையத்துக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்பார். எங்கள் டோர்செட் பார்க் கட்டடத்தில் என்றால் லிஃப்ற்றுக்குள் நிற்பார், பதினோராம் மாடி வரும்வரை நீங்கள் தப்ப முடியாது. குளிரைப் பற்றிப் பேசிப் பாருங்கள், பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசிப் பாருங்கள், நல்ல ஆட்டிறைச்சி எந்தக் கடையில் என்று பேசிப் பாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, அங்கே இல்லாத ஸ்ரியறிங்கைப் பிடிப்பார்.

"இப்ப பொலிஸ் மறிக்கிறான் எண்டு வையுங்கோவன்."

வைக்காமல் இருக்க உங்களால் முடியுமா?

எங்கள் கட்டடத்து மறிச்சால் அண்ணையின் பெயர் கோணேஸ்வரன். திருகோணமலைக்காரர். வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டார், வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. அவருடைய ஞானம் எல்லாம் அமெரிக்காவில், ரெக்சாஸில் இருந்து வந்தது. அங்கே அவர் மனைவியின் தம்பி மாமாங்கம் இருக்கிறார். சட்டைக்குள்ளே துவக்கை, அதுதான் துப்பாக்கியை, மறைத்து வைத்துக்கொண்டு நடமாட அந்த ஊர் அரசாங்கம் ஒரு அட்டை கொடுக்கிறதாம். மாமாங்கம் அந்த அட்டைக்காரர். கோணேஸ்வரன் அண்ணை மூன்று கிழமை விருந்தாளியாய்ப் போன இடத்தில், ஒருநாள் மாமாங்கத்தின் காரைப் பொலிஸ் மறித்தது. மாமாங்கம் காரை ஓரங்கட்டினார், எஞ்சினை நிறுத்தினார், கண்ணாடியை இறக்கினார், இரண்டு கைகளையும் ஸ்ரியறிங்கின் மேலே பொலிசுக்குத் தெரியும்படி வைத்தார். என்னிடம் அனுமதி அட்டை இருக்கிறது, துவக்கு வலது இடுப்பில் இருக்கிறது, லைசென்ஸ் சட்டைப் பையில் இருக்கிறது, எடுக்கலாமா என்று அமைதியாகக் கேட்டார். சரி என்ற பிறகு மெதுவாக எடுத்து, இரண்டு அட்டையையும் சேர்த்து நீட்டினார். பொலிஸ்காரர் பார்த்தார், வேகத்தைக் குறைக்கச் சொன்னார், போய்விட்டார். நாலு நிமிடம்.

இடுப்பில் துவக்கு வைத்திருப்பவன் அப்படித்தான் நடக்கவேண்டும். மாமாங்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்துச் சீற்றில் இருந்தவரிடம்தான் எனக்குக் குறை. அந்த நாலு நிமிடத்தையும் அவர் சூட்கேசில் வைத்துக் கனடாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கனடாவில் சாதாரண ஆட்களுக்கு அப்படி ஒரு அட்டை கொடுப்பதில்லை. எங்கள் கட்டடத்தில் ஆயுதம் என்று தேடினால் தேங்காய் உடைக்கிற கத்தி அகப்படும், அவ்வளவுதான். அதனால் என்ன? துவக்குக்காரனுக்கு எழுதிய சட்டத்தைத் துவக்கு இல்லாதவனுக்குத் தைத்துப் போடுவதுதானே மறிச்சால் அண்ணையின் கெட்டித்தனம்.

"அண்ணை, எங்களிட்டைத் துவக்கு இல்லையே?" என்று ஒருநாள் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்க வந்த வின்சன்ற் கேட்டார்.

"அதைத்தான் வின்சன்ற் முதல் வசனமாச் சொல்லவேணும்."

"அவன் கேக்க முதலோ?"

"கேக்க முதல்! கேட்டாப் பிறகு சொன்னா அது பதில். கேக்க முதல் சொன்னா அது மரியாதை."

"அப்ப என்னட்டை யானை இல்லை எண்டும் சொல்லிவிடட்டோ?"

"உந்தப் பகிடியாலைதான் எங்கடை சனம் முன்னேறேல்லை."

வின்சன்ற் வாய்கொடுத்துக் கொழுவினால் என்ன, அண்ணையிடம் அத்தாட்சி இருந்தது. மாமாங்கத்தின் அட்டையைப் போட்டோக்கொப்பி எடுத்து, பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, ஜக்கெற்றின் உள்பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்தார். விளக்கம் சூடு பிடிக்கும் நேரத்தில் அதை வெளியே எடுப்பார். கல்யாண வீட்டில் பெண்ணின் படத்தைக் காட்டுவது போலக் காட்டுவார். தொட விடமாட்டார்.

இதையெல்லாம் யாருக்குச் சொன்னார் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். எண்பத்திரண்டாம் ஆண்டே, ஊரில் சண்டை மூள முதலே, ஜேர்மனிக்கு ஏறியவர் அவர். சந்திக்குச் சந்தி ஆமிக்காரன் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி நடக்கவிட்ட காலத்தில், அடையாள அட்டையை எந்தக் கையில் பிடிப்பது, கண்ணை எவ்வளவு தாழ்த்துவது, கேட்டதற்கு எத்தனை சொல்லில் பதில் சொல்வது என்று நாளுக்கு நாலு தரம் பழகிய சனத்தைச் சுற்றி நிற்கவைத்து, மறிப்பது என்றால் என்ன என்று அவர் வகுப்பெடுத்தார். சனமும் தலையாட்டியது. தலையாட்டுவதும் அங்கே பழகியதுதான்.

அப்படித் தலையாட்டியவர்களில் ஒருத்தி ஜெயமலர். என் பக்கத்துக் கதவு. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு ஐந்து வீடு, ஒன்றுக்கொன்று எட்டாத ஐந்து வீடு. கார் இல்லாமல் நடக்காது. இங்கே லைசென்ஸுக்கு மூன்று படி. இரண்டாவது படியில் ஐந்து வருடம் நிற்கலாம், அதற்குள் கடைசி றோட் ரெஸ்றில் தேறவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி எழுத்துப் பரீட்சையில் இருந்து முதலாம் படி. ஜெயமலருக்கு அந்த ஐந்து வருடம் ஒரு பெப்ரவரி வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. கிடைத்த ஒரேயொரு ரெஸ்ற் திகதி அதற்கு முந்திய புதன்கிழமை, ஒஷாவாவில், காலை பதினொரு மணிக்கு. பத்தரைக்கு அங்கே நிற்கவேண்டும்.

இதை அவள் என்னிடம் லிஃப்ற்றுக்குள் சொன்னாள். அதுதான் அவள் விட்ட பிழை.

"ஒஷாவாவோ? விட்பி போற வழிதானே, பிள்ளை. என்ரை சிநேகிதன் றெமிஜியஸ் அங்கை புது வீடு வாங்கியிருக்கிறான், நானும் பாக்கவேணும். ரெஸ்றுக்குப் போகேக்கை அனுபவமுள்ள ஆள் ஒண்டு பக்கத்திலை இருந்தா உனக்கும் தெம்பு."

அவளுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. எனக்கும் தெரியாது. துணைக்கு வா என்று அவள் கேட்டாள், நான் பின்சீற்றில் ஏறினேன்.

முதல்நாள் இரவு பனி கொட்டியிருந்தது. ஜெயமலர் காரைச் சுற்றிச் சுற்றி வழித்துத் தள்ளினாள். அண்ணை காருக்குள் ஹீற்றருக்கு முன்னால் இருந்துகொண்டு, அந்த மூலை விடுபட்டுப்போச்சு என்று விரலால் காட்டினார். அவர் காட்டாத இடம் ஒன்று இருந்தது. பின்னாலிருந்த நம்பர் பிளேற். அது பனிக்குள் மூடியே கிடந்தது. நானும் கவனிக்கவில்லை.

ஏஜாக்ஸ் தாண்டியதும் பின்னால் சிவப்பு விளக்கு.

ஜெயமலர் பதறவில்லை. வலது பக்கம் சிக்னல் போட்டாள், ஓரத்தில் நிறுத்தினாள், கைகளை ஸ்ரியறிங்கில் வைத்தாள், வாயை மூடிக்கொண்டாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். நேரம் ஒன்பது ஐம்பத்தைந்து. இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கவேண்டிய விஷயம்.

ஆனால் இந்த நாளுக்காக எத்தனை வருடம் காத்திருந்த மனிதர் முன்சீற்றில் இருந்தார்! இரண்டு உள்ளங்கைகளையும் டாஷ்போர்ட்டில் பளாரென்று அடித்து வைத்தார். நெடுஞ்சாலையில் லொறிகள் பறந்ததால் பொலிஸ்காரன் அவர் பக்கமாகவே நடந்து வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியை இறக்கவேண்டும். இறக்குகிற பொத்தான் அண்ணையின் முழங்கைக்குக் கீழே. ஆனால் கையை அசைக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். ஆகவே கத்தினார்.

"கண்ணாடி! பிள்ளை, கண்ணாடி!"

ஜெயமலர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். "போட்டிருக்கிறன், அண்ணை."

"கையை எடுக்காதை! உந்தக் கண்ணாடி இல்லை, இந்தக் கண்ணாடி! கண்ணாடி! கண்... கண்...!"

அந்தச் சொல்லைத் தமிழ் தெரியாத ஒரு காதால் கேட்டுப் பாருங்கள். மூடின கதவு, லொறி இரைச்சல், பயந்துபோன கிழவர். வெளியே போய்ச் சேர்வது முதல் பாதி மட்டும்தான். அந்த முதல் பாதிக்கு இங்கிலிசில் துவக்கு என்று அர்த்தம்.

பொலிஸ்காரன் இரண்டடி பின்னால் போனான். அவனுடைய கை இடுப்புக்குப் போனது.  ஜெயமலர் தன் பக்கத்துப் பொத்தானை ஒரு விரலால் அமத்தி அண்ணையின் கண்ணாடியை இறக்கினாள். குளிரோடு சேர்ந்து, அண்ணை மனப்பாடம் செய்து வைத்திருந்த மரியாதையும் வெளியே வந்தது.

"குட் மோர்னிங், ஓபிசர். ஐ ஹாவ் நோ கன். ஷீ ஹாவ் நோ கன்." பிறகு தலையால் என்னைக் காட்டி, "பாக் சீற் ஆல்சோ நோ கன்."

யாரும் துவக்கைப் பற்றிக் கேட்கவில்லையே என்றான் அவன். தோளில் இருந்த ரேடியோவில் ஏதோ சொன்னான். இன்னொரு கார் வந்தது. பிறகு இன்னொன்று. எங்களை ஒவ்வொருவராக இறக்கிப் பனிக்குள் நிறுத்தினார்கள். ஜெயமலர் ஒருதரம் மட்டும் வாய் திறந்தாள். நான் பத்தரைக்கு ரெஸ்ற் இடத்தில் நிற்கவேண்டும், சேர், என்றாள். அவன் மணிக்கூட்டைப் பார்த்தான், நல்ல பெடியன்தான், கெதியாக முடிக்கப் பார்க்கிறேன் என்றான். அந்த நேரம் பார்த்து மற்றவன் அண்ணையின் உள்பையில் இருந்து பிளாஸ்ரிக் உறையை இழுத்தெடுத்தான். ரெக்சாஸ் துவக்கு அனுமதி. வேறு ஒருவர் பெயரில்.

"இது யாருடையது?"

"மை வைஃப்ஸ் பிரதர்."

"இதற்குரிய துவக்கு எங்கே?"

"வித் ஹிம்."

"அப்படியென்றால் நீ ஏன் இதைக் கொண்டுதிரிகிறாய்?"

அண்ணை நிமிர்ந்து நின்றார். "ஃபோர் எடியுகேஷன்."

அந்தக் கல்வி முடிய ஐம்பது நிமிடம் ஆனது. சீற்றைத் தூக்கிப் பார்த்தார்கள், டிக்கியைத் திறந்து பார்த்தார்கள், ஜெயமலரின் சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து பார்த்தார்கள். கடைசியில் முதல் வந்த பெடியன் தான் மறித்த காரணத்தைச் சொன்னான். நம்பர் பிளேற் தெரியவில்லை, துடைத்துவிட்டுப் போங்கள். ஜெயமலர் கையுறையால் துடைத்தாள். அண்ணை அதற்குள் ஹீற்றருக்கு முன்னால் போய் இருந்துவிட்டார்.

அவள் காரை எடுத்தாள். விட்பி வந்தது.

"பிள்ளை, உதுதான் எக்ஸிற். எப்பிடியும் பிந்திப்போச்சுத்தானே, என்னை இறக்கிவிட்டிட்டுப் போவன்."

எக்ஸிற் பின்னால் போனது. அவள் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.

ஒஷாவாவில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண், வரவில்லை என்று பதிந்தாயிற்று, வேறு திகதி எடுங்கள் என்றாள். வெள்ளிக்கு முதல் ஏதும் இருக்கா என்று ஜெயமலர் கேட்டாள். இல்லை. நாங்கள் அந்தத் தடுப்படியில் இருந்து திரும்பி வந்தபோது, மறிச்சால் அண்ணை வரிசையில் நின்ற இரண்டு சீக்கியப் பெடியன்களுக்கு இல்லாத ஸ்ரியறிங்கைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. ஐந்து வீட்டில் மூன்று வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டது. மிச்ச இரண்டுக்கும் ஜெயமலர் பஸ் பிடித்துப் போகிறாள், ஒன்றுக்கு மூன்று பஸ். அண்ணைக்கு வெட்கம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அடுத்த பிறந்தநாள் மண்டபத்தில் ரோல்ஸ் மேசையடியில் நின்று, "அண்டைக்கு நான் காரிலை இருந்தபடியால் அந்தப் பிள்ளை தப்பினது" என்றார். புதிதாக ஒரு சட்டமும் சேர்த்திருந்தார். "பொலிசுக்கு முன்னாலை கண்ணாடி எண்டு சொல்லப்படாது. யன்னல் எண்டு சொல்லவேணும்." ஒருவர் அதைப் போனில் எழுதிக்கொண்டதை நான் கண்ணால் கண்டேன்.

எழுத்துப் பரீட்சையில் ஜெயமலர் தேறிவிட்டாள். ஆனால் முதலாம் படிக்காரர் தனியே ஓட்டக்கூடாது. பக்கத்துச் சீற்றில் நாலு வருட அனுபவமுள்ள லைசென்ஸ்காரர் ஒருவர் இருக்கவேண்டும். எனக்கு லைசென்ஸ் இல்லை. செய்தி தெரிந்த அன்றே யார் வந்து கதவைத் தட்டியிருப்பார்?

"ஒண்டுக்கும் யோசியாதை, பிள்ளை. என்னட்டை முப்பது வருச லைசென்ஸ் கிடக்கு. பக்கத்திலை நான் இருக்கிறன்."

"வேண்டாம் அண்ணை. நான் பஸ்ஸிலை போறன்."

பதினைந்து வருடத்தில் அவள் சொல்லி நான் கேட்ட முதல் 'வேண்டாம்' அது.

"பஸ்ஸையும் மறிப்பாங்கள், பிள்ளை!" என்றார் அவர்.

அவள் கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். பூட்டுகிற சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

இவ்வளவும் வாசித்த உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அவள் முதல்நாளே ஒஷாவாவில் போய்ப் படுத்திருக்கலாமே என்று நினைத்தீர்களா? அந்தப் பொலிஸ்காரனிடம் ஒரு துண்டு எழுதி வாங்கியிருந்தால் ரெஸ்ற்காரர் விட்டிருப்பார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல வாய் எடுத்தீர்களா? பரவாயில்லை. ஜெயமலருக்குப் பக்கத்துச் சீற்றில் இருக்க இன்னும் ஆள் தேவைதான். வாருங்கள். நாலு வருட லைசென்ஸ் போதும், வாய் தேவையில்லை. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்ற முதலே அவளுக்கு ஏதாவது விளங்கப்படுத்தவேண்டும் போல இருந்தால், அப்படியே திரும்பி லிஃப்ற்றுக்குப் போய்விடுங்கள். அங்கே உங்களுக்கு நல்ல துணை நிற்கும்.