மஞ்சள் வட்டத்தில் நின்று பேசவும்

காது கேட்பது வேறு, பேச்சு புரிவது வேறு. இந்தச் சிறு விஷயம் செவித்திறன் அலுவலகத்துக்கு இதுவரை முறைப்படி தெரிவிக்கப்படவில்லை போலிருந்ததால், நானே தெரிவிக்க வேண்டியதாயிற்று.

நான் ஒரு கிடங்கில் வாசல் காவலாளி. அதற்கு முன் தகரம் அடிக்கும் பட்டறையில் இருந்தேன். காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அந்த முதலாளியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. "நீங்க மன்னிக்கலைங்கிறது அவருக்குத் தெரியுமா?" என்பாள் வீட்டுக்காரி. தெரியாது. தெரியாமல் இருப்பதும் அவர் செய்த குற்றங்களில் சேர்த்தி.

சத்தம் எல்லாம் எனக்குக் கேட்கும். பேச்சு மட்டும் பல் உதிர்ந்து வந்து சேரும். அப்போதெல்லாம் தலையாட்டிவிடுவேன். தலையாட்டியே பல வருஷம் உத்தியோகம் பார்த்தேன். பெரிய பதவிகளிலும் இதே முறைதான் என்று சொல்கிறார்கள். ஒருநாள் ஒரு டிரைவர், லாரியைப் பின்னால் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். தலையாட்டினேன். பின்னால் மேனேஜரின் கார் நின்றிருந்தது.

"பேச்சு புரியுதுன்னு சர்டிபிகேட் கொண்டு வாங்க. இல்லேன்னா வீட்டோட இருந்துக்குங்க" என்று மேனேஜர் என் முகத்துக்கு நேரே கத்தினார். அதனால் நன்றாகப் புரிந்தது. எனக்கும் வீட்டுக்காரிக்கும் அந்த வேலைதான் சோறு.

செவித்திறன் அலுவலர் எனக்குப் புது காது மெஷின் மாட்டிவிட்டார். "இதுக்குள்ள குட்டி கம்ப்யூட்டர் இருக்கு பெரியவரே. ஒரே மாதிரி ஓடுற சத்தத்தை இரைச்சல்னு முடிவு பண்ணி அமுக்கிடும். ஏறி இறங்குற சத்தத்தைப் பேச்சுன்னு முடிவு பண்ணித் தூக்கிக் கொடுக்கும்."

"முடிவு தப்பாப் போனா?"

"அது மெஷின். நம்மளை மாதிரியா?"

பஞ்சு வைத்த சுவர்களுக்கு நடுவே என்னை உட்கார வைத்தார்கள். ஒரு பெண் குரல் "மரம்" என்றது. "மரம்" என்றேன். "கல்" என்றது. "கல்" என்றேன். நூற்றுக்கு நூறு. பள்ளிக்கூடம் எனக்குத் தராத மார்க். கண் கலங்கிவிட்டது. 'பேச்சு முழுமையாகப் புரிகிறது' என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

மறுநாள் வாசலில் முதல் லாரி உறுமியது. மெஷின் அதை இரைச்சல் என்று கண்டுபிடித்து அமுக்கியது. உறுமலுக்குள் சிக்கியிருந்த டிரைவரின் குரலையும் சேர்த்தே அமுக்கியது. எனக்குப் பின்னால் குரைத்த நாயை மட்டும், குரல் ஏறி இறங்கியதால், பேச்சு என்று முடிவு செய்து தெளிவாகக் கொடுத்தது.

திரும்ப அலுவலகத்துக்கு ஓடினேன்.

"சார், புரியலை."

"புரியுதுன்னு சர்டிபிகேட் இருக்கே."

"அது உங்க ரூம்ல சார்."

"எங்க ரூமைக் குறை சொல்றீங்களா?"

"ஐயோ, ரூம் அருமை. லாரி உள்ளே வராது, அதுதான் கஷ்டம்."

அலுவலர் கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். "மெஷின் சரியா இருக்கு. சோதனை சரியா நடந்திருக்கு. காது சரியில்லைன்னு ஏற்கெனவே ஒத்துக்கிட்டுத்தான் மெஷினே கொடுத்தோம். மிச்சம் என்ன இருக்கு?"

"வாசல் இருக்கு சார்."

"அப்போ வாசலைத்தான் ரிப்பேர் பண்ணணும்."

அலுவலரே நேரில் எழுந்தருளி ஆய்வு செய்தார். என் முன்னால் மஞ்சள் பெயின்டில் ஒரு வட்டம் போடப்பட்டது. பக்கத்தில் பலகை வைத்தார்கள்: 'வாகன ஓட்டிகள் எஞ்சினை அணைத்து, கீழிறங்கி, காவலாளியின் முகத்துக்கு எதிரே வட்டத்தில் நின்று, ஒவ்வொருவராக, நிறுத்தி நிதானமாகப் பேசக் கடவர்.'

எனக்குத் தலைகால் புரியவில்லை. செவிட்டுப் பிணமே என்று என்னைத் திட்டிய டிரைவர்களெல்லாம் வரிசையில் நின்றார்கள்.

"அண்ணே..."

"வட்டத்துக்குள்ள நில்லுங்க."

"நின்னுட்டுதான்ணே இருக்கேன்."

"ஒரு கால் வெளியே இருக்கு."

"சரக்கு... கொண்டு... வந்திருக்கேன். கதவைத்... திறங்க. போதுமாண்ணே?"

புரிந்தது. அடுத்தவர் சொன்னதும் புரிந்தது. அவரும் சரக்குதான் கொண்டு வந்திருந்தார், கதவைத்தான் திறக்கச் சொன்னார். அன்று வந்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். என் காதுக்குத் தப்பிப்போன பேச்சில் என்னென்னவோ இருந்திருக்கும் என்று இத்தனை வருஷம் ஏங்கியிருந்தேன். இவ்வளவுதான் இருந்திருக்கிறது.

லாரி வரிசை பெரிய ரோடு வரைக்கும் போய்விட்டது. மேனேஜர் வந்து என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"இதைத்தான் நாள் முழுக்கச் சொல்றாங்களா?"

"ஆமா சார். எல்லாம் புரியுது சார்" என்றேன் பெருமையாக.

"இதுக்கு எதுக்கு ஒரு ஆளு?"

என் இடத்தில் ஒரு கம்பம் நட்டார்கள். பேச்சைக் கேட்டுக் கதவைத் திறக்கும் கம்பம். என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பணியிடத்தில் பேச்சு புரியவில்லை என்ற என் புகார் முழுமையாகத் தீர்க்கப்பட்டதாகச் செவித்திறன் அலுவலகம் எழுதிக்கொண்டது. பணியிடமே இல்லாததால் நானும் அதை மறுக்க முடியவில்லை.

கம்பம் படும் பாட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு வரலாம் என்று ஒருநாள் போனேன். லாரி உறுமியது. டிரைவர் ஏதோ கத்தினார். "மீண்டும் சொல்லவும்" என்றது கம்பம். மறுபடி கத்தினார். "மீண்டும் சொல்லவும்."

இப்போது விழும் பார் வசவு என்று காத்திருந்தேன்.

டிரைவர் எஞ்சினை அணைத்தார். கீழே இறங்கினார். கம்பத்துக்கு எதிரே போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கைக்குழந்தையிடம் பேசுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் ஹாரன்கூட அடிக்கவில்லை. மேனேஜர் ஓடி வந்து, அதன் காது இருக்கும் இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். அதனிடம் யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்ப்பா, நானும் இதைத்தானே கேட்டேன்? எனக்கு மட்டும் ஏன்..."

டிரைவர் என் பக்கம் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார். "பெரியவரே, கொஞ்சம் சும்மா இருங்க. நீங்க பேசினா அதுக்குக் கேக்காது."

எஞ்சின் அணைந்திருந்தது. அவர் முகமும் எனக்கு நேரே இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.