குண்டன் குடிக்காத பால்

என் டப்பா ராசாவுக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் நம் பிள்ளை குண்டனும் இருக்கிறோம். அங்கே நலமா என்று செத்தவரைக் கேட்கக் கூடாதாம், உங்கள் தம்பி சொல்கிறார். அதைக் கேட்காமல் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

நீங்கள் பைக்கோடு போய்ச் சேர்ந்த பிறகு சட்டம் வந்துவிட்டது. இனிமேல் பால்பவுடர் டப்பாவில் கொழுகொழு குழந்தைப் படம் போடக் கூடாது, பிரசவ வார்டில் இலவச டப்பா நீட்டக் கூடாது, உங்களை மாதிரி பவுடர் விற்கிற கம்பெனி ஆட்கள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு பெற்றவளிடம் பேசவே கூடாது. நல்லவேளை, நீங்கள் முந்திக்கொண்டீர்கள். மருந்துக்கடைச் சுவரில் இருந்த நம் பிள்ளை படத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரு கண் மட்டும் இன்னும் தெரிகிறது, கடைக்காரர் மிரள்கிறார். மிச்சப் போஸ்டரை வாங்கிப்போக ஒரு ஆபீசர் வீட்டுக்கே வந்தார்.

"இந்தப் படத்துல இருக்கற குழந்தை யாரும்மா?"

"எங்க குண்டன்தான் சார். அதோ, உங்க செருப்பக் கடிச்சுக்கிட்டிருக்கானே."

"எத்தனை டப்பா குடிச்சான்?"

"டப்பாவா? வாசனைகூடப் பாத்ததில்ல சார். எல்லாம் என் பால்."

பெருமையாகத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுத் தையல்காரர் மருமகள் நம் வாசலில் நின்றதைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பால் நன்றாகத்தான் ஊறியது, நம் குண்டனைப் போஸ்டரில் பார்த்துவிட்டுத் தன் பிள்ளை நோஞ்சான் என்று நினைத்தாள், நீங்கள் கொடுத்த ஓசி டப்பாவில் ஆரம்பித்தாள், மார் வற்றிவிட்டது, ஓசி தீர்ந்ததும் வாங்க வழியில்லாமல் ஒரு கரண்டிப் பவுடருக்குப் புட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினாள், பிள்ளை இப்போது ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாய்க் கிடக்கிறது.

"அக்கா, அப்போ உங்க பாலைக் காட்டித்தான் எனக்கு டப்பாவக் குடுத்தாரா அண்ணன்?"

குண்டனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். "அவருக்கு என்னடி தெரியும்? கம்பெனி சொன்னதைச் சொன்னாரு. வெகுளி மனுசன்." குண்டன் தலையில் கைவைத்துச் சத்தியமே செய்துவிட்டேன்.

"டாக்டர் கோட்டு போட்ட வெகுளி," என்று சொல்லிவிட்டுத் துணியோடு போனாள்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பிள்ளைக்கும் நான்தான் பால் கொடுக்கிறேன். ஒரு வாய் குடிப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்குகிறது. மற்றபடி விசேஷம் இல்லை. உங்கள் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.

இப்படிக்கு,
குண்டன் அம்மா

பின்குறிப்பு: எனக்குக் காய்ச்சல் கொதித்த அன்று, முடியாமல் உங்கள் பையிலிருந்து ஒரு டப்பாவை உடைக்கப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? வெடுக்கென்று பிடுங்கினீர்கள். "அது விக்கறதுக்குடி. நம்ம புள்ளைக்கு நீயே குடு" என்றீர்கள். கஞ்சன் என்று திட்டினேன். பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன், சொல்லுங்கள். அது வெறும் கஞ்சத்தனம்தானேங்க?