ஊழியர் நலனும் ஒரு பூசணிக் கூட்டும்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் எடுத்து வைத்த அடுத்த பெரிய அடி, ஈப்போவுக்குப் பக்கத்துச் சிம்பாங் பூலாயில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கேண்டீனில், புதன்கிழமை காலை பத்தே காலுக்கு எடுத்து வைக்கப்பட்டது. அந்த வரலாற்றுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தவர் கலாதேவி.

ஒன்பது வருடமாக அங்கே அவர்தான் சமையல். முந்நூறு தொழிலாளிகள் அவர் சோற்றைச் சாப்பிட்டுத்தான் உலகத்துக்குக் கையுறை செய்தார்கள். திடீரென்று ஒருநாள் நிர்வாகத்துக்கு அவர்கள்மேல் பாசம் பொங்கியது. நிர்வாகத்துக்குப் பாசம் பொங்கினால் என்ன செய்யும்? குழு அமைக்கும். 'ஊழியர் நலவாழ்வுக் குழு' ஆறு முறை கூடி, ஆறு முறையும் எண்ணெயில் பொரித்த கறிபாப்பைக் கடித்துக்கொண்டே உடல் பருமனைக் கண்டித்தது. ஏழாவது கூட்டத்தில் தீர்மானம் பிறந்தது: எண்ணெயும் தேங்காய்ப்பாலும் இல்லாத 'இலகுவான' சைவ உணவு ஒன்றைக் கலாதேவி சமைத்துக் காட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் கேண்டீன் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"சோயாவுல செஞ்ச சைவ மட்டன் போட்டுப் பிரட்டலாமா சார்?" என்று கேட்டார் கலாதேவி.

"மட்டன்னு சொன்னாலே கொழுப்பு ஏறும்," என்றார் குழுவின் செயலாளர் மிதுலன்.

இந்த அடுப்பை விட்டால் கலாதேவிக்கு வேறு பிழைப்பு இல்லை. கையுறைப் பிரிவில் வேலை செய்யும் ஷர்மினிதான் வழி சொன்னாள்.

"குழுத் தலைவர் குலசிங்கம் சார் புதுசா பல்லு செட்டு கட்டியிருக்காருக்கா. கடிச்சா வலிக்குதாம். பஞ்சு மாதிரி ஆக்கிருங்க. கேண்டீன் உங்களுக்குத்தான் லா!"

கலாதேவி மஞ்சள் பூசணியை நறுக்கி, வறுத்த பாசிப்பருப்போடு சேர்த்து, இஞ்சி, சீரகம், பச்சை மிளகாய் தட்டிப் போட்டு, குழையக் குழைய வேகவைத்தார். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகு லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை இரண்டைப் பிழிந்தார். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. ஆனாலும் வாசனை வாசல்வரை போய் ஆளைக் கூப்பிட்டது.

குலசிங்கம் ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். தட்டு காலியானது.

"பிள்ளை, வலு நல்லாயிருக்கு. கடிக்கவே தேவையில்லை, தானா இறங்குது!"

"நாலு நிமிஷம் இருபது செகண்ட், சார்," என்றார் மிதுலன். எதையும் அளந்து பார்ப்பது அவர் பழக்கம்.

"வேலையாக்களுக்கு வழக்கமாச் சாப்பிட எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று கேட்டார் குலசிங்கம்.

"சோறு, கோழிக் கொழம்பு, எலும்பு எல்லாம் சேத்து இருபத்திரண்டு நிமிஷம், சார்."

குழுவினர் ஒருவரை ஒருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். அது பூசணிக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்து, கலாதேவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள். முதலாவது, கேண்டீன் கலாதேவிக்கே என்றது. கூடவே 'நலவாழ்வு நாயகி' என்ற பட்டம். இரண்டாவது, 'இலகுவான உணவுக்கு நீண்ட இடைவேளை உடலுக்குக் கேடு' என்பதால் மதிய இடைவேளை ஒரு மணி நேரத்திலிருந்து அரை மணி நேரமாகிறது என்றது.

அந்தப் போன அரை மணியில்தான் ஷர்மினி மேசையில் தலை சாய்த்து ஒரு குட்டித் தூக்கம் போடுவாள். அவளோடு வேலை செய்யும் தனேஷ், பத்து காஜா ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மாவுக்குப் போன் போடுவான்.

"நாளைக்கு முள்ளு நெறைய உள்ள மீனா பாத்து ஆக்குங்கக்கா," என்றாள் ஷர்மினி. அவள் சிரிக்கவில்லை.

கலாதேவிக்கு அவமானமாக இருந்தது. நேரே தலைவர் அறைக்குப் போனார்.

"சார், பட்டம் எனக்கு வேணாம். அவங்களுக்கு அந்த அரை மணிய திருப்பிக் குடுத்துருங்க."

"நீர் அவையளுக்கு நேரத்தை மிச்சம் பிடிச்சுக் குடுத்திருக்கிறீர், பிள்ளை!"

"மிச்சமான நேரம் இப்ப யாருகிட்ட இருக்கு சார்?"

குலசிங்கம் கேள்வியை மதிக்கத் தெரிந்தவர். அதைக் குழுவின் விவாதத்துக்கு அனுப்பினார். குழு ஈப்போவில் ஒரு பெரிய ஓட்டலில் கூடியது. மதியச் சாப்பாடு மட்டும் இரண்டரை மணி நேரம் நடந்தது. முந்நூறு பேரிடம் தினமும் திருடிய நூற்றைம்பது மணி நேரம் கையில் இருக்கும்போது, அவர்களுக்கு என்ன அவசரம்?