மாவுக்கட்டுப் போட்ட பீரோ

இந்த ஞாயிற்றுக்கிழமை மலையேறுவதில்லை என்று விஜயகுமார் சனிக்கிழமை சாயங்காலமே முடிவு கட்டிவிட்டான். வானமே இடிந்து விழுந்தாலும் சரி, பொற்கொடியே முறைத்தாலும் சரி. இந்த இரண்டில் அவனுக்குப் பயம் இரண்டாவதன் மேல்தான்.

போடியில் ஜீப்புக்கு உதிரிபாகம் விற்கிற கடை அவனுடையது. வாரமெல்லாம் கடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனைவி பொற்கொடியோடு போடிமெட்டுப் பக்கம் இருக்கும் அவர்களுடைய சின்ன ஏலத்தோட்டம். காய் எடுப்பு நடக்கும்போது குரங்குக் கூட்டம் இறங்கிவிடும். கல்லெறிந்து விரட்டுவது அவன் வேலை. இதுவரை ஒரு குரங்கும் அவன் கல்லுக்கு ஓடியதில்லை. சில குரங்குகள் குட்டிகளைக் கூட்டிவந்து வேடிக்கை காட்டின. பொற்கொடி குனிந்து ஒரு கல்லை எடுத்தால் போதும், மரமே காலியாகும். அவள் சிலமலையில் சோளக்காட்டுக்கு நடுவே வளர்ந்தவள். கிளி விரட்டிப் பழகிய கை.

ஆனால் இந்த ஞாயிறு காலை பதினோரு மணிக்குச் செல்போனில் 'கோட்டைப் போர்' இறுதியாட்டம். அணிக்கு ஐந்து பேர். விஜயகுமார் இருப்பது 'போடி ஏலக்காய்ச் சேனை'. எதிரில் 'தேவாரம் ஒத்தக்கொம்பன்'. சேனைக்குத் தலைவன் மனோஜ், பொற்கொடியின் தம்பி.

அந்த ஆட்டத்தின் சூட்சுமமே கனத்தில்தான் இருக்கிறது. தலைக்கவசம், மார்க்கவசம், கைக்காப்பு என்று இரும்பாக மாட்டினால் அடி தாங்கலாம். ஆனால் கனம் ஏற ஏறக் கை தூக்காது, எறிகிற கோடாலி பாதி வழியிலேயே விழுந்துவிடும். இரும்பைக் குறைத்தால் கோடாலி பறக்கும். ஆனால் ஒரு அடி பட்டாலும் ஆள் காலி. எதை மாட்டுவது, எதை விடுவது என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். விஜயகுமாருக்கு அந்தக் குழப்பமே கிடையாது. கிடைத்ததையெல்லாம் மாட்டிக்கொள்வான். அதனால் எந்த ஆட்டத்திலும் அவன் சீக்கிரம் செத்ததில்லை, எவனையும் சாகடித்ததும் இல்லை. சேனையில் அவனுக்குப் பெயர் 'பீரோ'.

"மாமா, இதான் கடைசி வாய்ப்பு," என்று மனோஜ் சொல்லியிருந்தான். "நாளைக்கும் நீங்க ஒருத்தனையும் சாய்க்கலைன்னா பசங்க உங்கள அணிய விட்டு எடுக்கச் சொல்றாங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

நாற்பது வயது ஆளை ஒரு கூட்டம் 'வாங்க, ஆடலாம்' என்று கூப்பிடுவது லேசான விஷயமா? கடைக்கு வருகிறவர்கள் கிளட்ச் பிளேட் இருக்கிறதா என்று கேட்பார்களே தவிர, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. அந்தப் பசங்க கேட்டார்கள். பீரோ என்று கூப்பிட்டாலும் கேட்டார்கள்.

ஞாயிறு விடிந்தது.

"ஏங்க, ஜீப்பு வந்துரும். வெரசாக் கெளம்புங்க."

"ஆத்தாடி!" வலது தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான்.

"என்னாச்சு?"

"தோளு பெசகிருச்சு புள்ள. கைய அசைக்க முடியலை. இத வச்சுக்கிட்டு எப்படிக் கல்லெறிவேன்?"

"நல்லா இருந்தப்ப மட்டும் எறிஞ்சீங்களாக்கும்."

"உசுரு போகுது புள்ள! நீ போயிட்டு வா. நான் செவனேன்னு படுத்துக் கெடக்குறேன்."

பொற்கொடி அவனையே பார்த்தாள். திட்டு வரும் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். வந்தது வேறு.

"உங்கள இப்படிப் போட்டுட்டு நான் மலைக்குப் போவேனா? பக்கத்துத் தோட்டத்து அன்னக்கொடி அக்காகிட்டச் சொல்லிட்டா அது பாத்துக்கிரும்."

"காயி வீணாப் போயிரும் புள்ள, நீ போ!"

"காயி கெடக்கு கழுத. எனக்கு நீங்கதான் முக்கியம்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் காதால் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. பாவி மகள் இன்றைக்குப் பார்த்துச் சொல்கிறாள்.

அவன் சுதாரிப்பதற்குள் அவள் அடுப்படியிலிருந்து ஒரு குண்டானோடு வந்தாள். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்திருந்தாள். கூடவே பழைய வேட்டியைக் கிழித்த துணிச்சுருள். தோளில் அப்பினாள், சுற்றினாள். முழங்கையில் அப்பினாள், சுற்றினாள்.

"வலி தோள்லதான புள்ள? வெரலுக்கு எதுக்கு?"

"நரம்பு எங்கிட்டு ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? ஆடாம இருங்க."

கட்டை விரல் வரைக்கும் கட்டிவிட்டு மின்விசிறியை முழு வேகத்தில் சுழல விட்டாள். மாவு காயக் காய இறுகியது. பத்தரை மணிக்கு விஜயகுமாரின் வலது கை கருங்கல் தூணாகிவிட்டது. வீடு முழுக்க முட்டை நாற்றம். இடது கையால் போனைப் பிடித்து ஆடிப் பார்த்தான். போன் நழுவி மூக்கில் விழுந்தது.

பதினோரு மணி நெருங்கியது. மனோஜ் வரச்சொல்லிச் செய்தி மேல் செய்தி போட்டான். வேறு வழியில்லை.

"புள்ள... ஒரு ஒத்தாசை. போன்ல ஒரு வெளையாட்டு. எனக்குப் பதிலா நீ கொஞ்சம்..."

"எனக்கு என்னங்க தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இதுல எறியுற பொத்தான் எது?"

விஜயகுமாருக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம். மலைக்கும் போகவில்லை, பொண்டாட்டியையே ஆட உட்கார வைத்தாயிற்று. எந்த வீட்டில் நடக்கும் இது?

"இதென்னங்க, பாத்திரக்கடையா?" கவசங்களைப் பார்த்துக் கேட்டாள்.

"தொடாத! அதான் பாதுகாப்பு."

"இம்புட்டையும் மாட்டிக்கிட்டா கை எப்படி எந்திரிக்கும்? இப்ப உங்க கை எந்திரிக்குதா?"

அவன் தன் கையைப் பார்த்தான்.

அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். கைக்காப்பைக் கழற்றினாள்.

"எல்லாத்தையும் உருவிராத! ஒரே அடியில போயிருவேன்!"

"நெஞ்சுக்கு இந்தத் தோல் சட்டை இருக்கட்டும். கால்ல பாரம் வேணாம், ஓடணும்ல. எறியுற கையில துரும்பு இருக்கக் கூடாது."

ஆட்டம் தொடங்கியது. முதல் கோடாலியிலேயே தேவாரத்தான் ஒருத்தன் சாய்ந்தான். அடுத்தவன் மதில் மேல் தலையை நீட்டினான். அவனும் விழுந்தான். நடுவில் அவளுக்கு ஓர் அடி விழுந்தது. தோல் சட்டை தாங்கியது. கடைசியில் இந்தப் பக்கம் பீரோ மட்டும் மிச்சம். அந்தப் பக்கம் உச்சி முதல் உள்ளங்கால் வரை இரும்பு மாட்டிய ஒரு தடியன். அவன் ஈட்டியை மெல்ல, மெல்லத் தூக்கினான். அவன் தூக்கி முடிப்பதற்குள் பொற்கொடி மூன்று கோடாலியை எறிந்துவிட்டாள்.

'வென்றவர்கள்: போடி ஏலக்காய்ச் சேனை. சிறந்த வீரர்: பீரோ.'

"ஏய்ய்ய்!" என்று விஜயகுமார் துள்ளி எழுந்தான். இரண்டு கைகளும் மேலே போயின. மாவுக்கட்டுப் போட்ட கைதான் அதிக உயரம் போனது.

"வலி போயிருச்சு போல," என்றாள் பொற்கொடி.

அவன் கையை இறக்குவதற்குள் போன் அடித்தது. மனோஜ். அவள் அவனுக்கும் கேட்கிற மாதிரி போட்டாள். "அக்கா! பழகுனப்ப எறிஞ்சத விட இன்னைக்குப் பிரமாதம்! மாமா கையக் கட்டிட்டியா?"

"கட்டியாச்சுடா."

விஜயகுமார் தொப்பென்று உட்கார்ந்தான். "நீ எப்பப் பழகுன?"

"நீங்க கடைக்குப் போனப்பறம், என் போன்ல. மாமாவ எடுத்தா மனசொடிஞ்சு போவாரு, வச்சிருந்தா தோத்துருவோம்னு தம்பி வந்து பொலம்புனான். அதான்."

"நான் தோளு வலின்னு சொல்லாம இருந்திருந்தா?"

"வேறென்ன சொல்வீங்க? போன மாசம் முட்டி, அதுக்கு முந்தி இடுப்பு. மிச்சம் இருந்தது தோளுதான். முட்டைய நேத்தே வாங்கி வச்சுட்டேன்."

கோபம் வரவேண்டும் என்று அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். வரவில்லை. சேனைக் குழுவில் பசங்களின் செய்திகள் வந்து குவிந்தன. 'பீரோண்ணே, சாமிண்ணே நீ!' அவன் இடம் போகவில்லை. எறிந்தது யார் என்று அவளும் சொல்லவில்லை, மனோஜும் சொல்லவில்லை. தான் ஜெயித்ததைப் புருஷன் பெயரில் எழுதிவிட்டு, அவள் பாட்டுக்கு வெந்நீர் வைத்து அவன் கைக்கட்டை ஊறவைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் காலில் விழலாம் போலிருந்தது அவனுக்கு. இவள் கையில் வந்து சேர என்ன புண்ணியம் செய்தோமோ என்று நினைத்துக் கண் கலங்கினான்.

"என்ன வேணும்னாலும் கேளு புள்ள. செய்றேன்."

"அடுத்த வாரம் கம்பத்துக்காரங்களோட ஆட்டமாம். என் போன்ல உங்க பேர்ல நான் ஆடிக்கிறேன். நீங்க தோட்டத்துக்குப் போயிட்டு வாங்க."

வாக்குக் கொடுத்தாயிற்று. அடுத்த ஞாயிறு அவன் தனியே மலையேறினான். நல்ல சாரல், நல்ல குளிர். அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை பூட்ஸ். மழைக்குக் கோட்டு. தலைக்குக் குல்லா. கல்லை எடுத்து ஓங்கினான். அது அவன் பூட்ஸ் மேலேயே விழுந்தது. குரங்குகள் சௌகரியமாக உட்கார்ந்து பார்த்தன.

போன் அடித்தது. பொற்கொடி.

"ஜெயிச்சாச்சுங்க. சிறந்த வீரர் நீங்கதான். அங்க எப்படி?"

"ஒண்ணு கூட நகர மாட்டேங்குது புள்ள. கையே எந்திரிக்கல."

"எத்தன ஸ்வெட்டர் போட்டிருக்கீங்க?"

"மூணு."

"கழட்டுங்க, பீரோ."