அறுபதும் மூன்று புள்ளிக் குடமும்

பெங்களூரில் உள்ள அத்தனை பிடிவாதக்காரர்களையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் அறுபதை உட்கார வைத்தால், அறுபது பக்கம்தான் தாழும். அறுபது என்பது அவன் வயதல்ல. இருபத்தெட்டு வயதுப் பையனுக்கு நாங்கள் வைத்த பெயர். தொம்மலூரில் செல்போன் கேம் தயாரிக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் நான் படம் வரைகிறவன். அவன் விளையாடிப் பார்த்துக் குறை எழுதுகிறவன்.

திரையில் ஒரு நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்பதில்தான் அவன் உயிர் இருந்தது. அறுபது மாறினால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். முப்பது என்றால் லேசாக உதறும். பாதிப் பேர் அந்த உதறலைக் கவனிப்பதே இல்லை. அவனுக்கோ அது செருப்புக்குள் மாட்டிய கல்.

ஒருமுறை அலுவலகத்தில் எல்லாரையும் சினிமாவுக்குக் கூட்டிப்போனார்கள். இவன் இடைவேளை வரை கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்துத் தட்டினேன்.

"தூங்கல மச்சா. சினிமா நொடிக்கு இருபத்திநாலுதான். கண்ணு வலிக்குது. வசனம் கேட்டுட்டுதான் இருக்கேன், நீ பாரு."

படம் தெளிவாக இருக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவனுக்குக் கிடையாது. மூக்குக்கண்ணாடிகூடச் சட்டைப் பையில்தான் இருக்கும். "முகம் எதுக்கு மச்சா? நடையைப் பார்த்தாலே ஆள் தெரியுதே" என்பான். முதலாளி கால் சுளுக்கி நொண்டிக்கொண்டு வந்த அன்று, "யாரைப் பாக்கணும் சார்?" என்று கேட்டு அவரையே வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டான்.

அந்தச் சமயம் நாங்கள் செய்துகொண்டிருந்தது பெங்களூர்த் தெருக்களில் ஆட்டோ ஓட்டும் கேம். அதைப் பற்றி அவன் எழுதிய முதல் குறை இது: "நான் ஆட்டோவைத் திருப்பினேன். அது வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து திரும்பியது."

அதில் ஸ்ரீராம்புரத்துச் சந்து ஒன்றை வரையும் வேலை எனக்கு வந்தது. நான் பிறந்து வளர்ந்த சந்து. விடுவேனா? குழாயடியில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்களை ஒவ்வொன்றாக வரைந்தேன். அடுத்த வீட்டுப் பச்சைக் குடத்தோடு மாறிப்போகாமல் இருக்க, எங்கள் பச்சைக் குடத்தில் அம்மா நெயில் பாலிஷால் மூன்று புள்ளி வைத்திருப்பாள். அதையும் வைத்தேன். அம்மாவிடம் சொல்லியும் தொலைத்தேன். அவள் குழாயடி முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அறுபது ஒரு சாதாரணப் போனில் ஓட்டிப் பார்த்தான். குடங்கள் வந்ததும் ஆட்டம் முப்பதுக்கு இறங்கியது. அவன் முகத்தில் சாவு வீட்டுக் களை.

"மச்சா, இந்தப் போன் ரெண்டையும் தாங்காது. ஒண்ணு படம் தெளிவா இருக்கணும், இல்ல ஆட்டோ ஸ்மூத்தா ஓடணும். தெளிவைக் குறை."

"குறைச்சா குடமெல்லாம் கூழாயிடும்டா!"

"ஓடுற ஆட்டோல இருந்து எவன் குடத்தைப் பாக்கப்போறான்?"

"எங்கம்மா பாப்பாங்க!"

வழக்கு முதலாளியிடம் போனது. அவர் கன்னடக்காரர். "சாக்கு, சாக்கு! போதும்பா உங்க சண்டை. ஆட்டோன்னா ஓடணும்" என்று தீர்ப்புச் சொன்னார். என் குடங்கள் பச்சைக் கூழாயின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வாரம் நான் அந்தச் சந்தைத் திறந்தும் பார்க்கவில்லை, அறுபதோடு பேசவும் இல்லை. அவன் தினமும் டீக்கடையில் இரண்டு டீ வாங்கி எனக்காகக் காத்திருந்து, இரண்டையும் தானே குடித்துவிட்டு வந்தான்.

கேம் வெளியானது. "சின்ன போனும்மா, சரியா தெரியாது" என்று முன்கூட்டியே சாக்குச் சொல்லி அம்மாவிடம் நீட்டினேன். அம்மா ஆட்டோவை இரண்டு கடைகள் மேல் ஏற்றி, ஒரு பூக்காரியை விரட்டி, எங்கள் சந்து முனைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே நான் வரையாத ஒரு சிக்னல். சிவப்பு. ஆட்டோ நின்றது. நின்றதும், கூழாகக் கிடந்த தெரு அப்படியே தெளிந்தது.

"டேய், நம்ம குடம்டா! மூணு புள்ளியும் இருக்குது!"

அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. "ஏய், மறுபடி சிவப்பு போடுடா, பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டணும்" என்று என்னைப் பிடுங்கி எடுத்துவிட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் குறைப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். எங்கள் சந்துக்கு நேராக, அறுபது எழுதிய ஒரு குறிப்பு. சினிமாவுக்கே கண்ணைத் திறக்காதவன் எழுதியிருந்தான்: "சந்து முனையில் சிக்னல் வேண்டும். ஆட்டோ நிற்கும்போது முழுத் தெளிவு கொடுக்கவும். குடம் எங்கும் ஓடாது. இங்கே மட்டும் முப்பது போதும்."

டீக்கடைக்குப் போனேன். அவன் எதிரே வழக்கம்போல இரண்டு டீ. ஒன்றை எடுத்துக்கொண்டேன். அவன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, என் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

"கோவம் போயிடுச்சா மச்சா?"